அறுபத்தொன்றாம் நம்பர் ரத்தம்

சென்ற வாரம் நாம் விட்டுவிட்டு வந்தபோது பெர்னடெட் ஹுடாக் இரண்டு கைகளிலும் மாவோடு, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு தன் அக்கா டோலியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். சண்டையில் பெர்னடெட்தான் ஜெயித்தாள். அவள் தோற்ற சண்டை ஒன்றே ஒன்றுதான், கணவரோடு போட்டது. அந்த மனிதர் இப்போது ஃபுளோரிடாவில் இருக்கிறார், அவரைப் பற்றி இந்த வாரம் வேண்டாம்.

சண்டை குக்கீ மேஜையைப் பற்றியது. பிட்ஸ்பர்க்கில் கேக் இல்லாமல்கூடக் கல்யாணம் நடந்துவிடும், குக்கீ மேஜை இல்லாமல் நடக்காது. பெரியம்மா, சித்தி, எதிர்வீட்டுக்காரி என்று ஆளுக்கு நாலு தட்டு சுட்டுக் கொண்டுவந்து குவிப்பார்கள். மகள் கோரினுக்கு முப்பத்தோரு வயது. கல்யாணப் பேச்சை எடுத்தால் கம்ப்யூட்டரைத் திறந்துகொள்வாள். இவள் கல்யாணத்துக்குக் காத்திருந்தால் எனக்குப் பல்லே போய்விடும் என்று, மகளின் முனைவர் பட்டத் தேர்வுக்கே மேஜை போட்டுவிடுவதாக பெர்னடெட் முடிவு செய்துவிட்டாள்.

"அம்மா, இது பரீட்சைம்மா. பந்தி இல்ல."

"பரீட்சை உனக்குத்தானே? சாப்பிடப்போறது நாங்க. உனக்கென்னடி வந்தது?"

கோரின் தன் ஸ்லைடுகளுக்குத் திரும்பினாள். ஆறு வருடப் படிப்புக்கு இன்று காலை முடிவு தெரியும். ஜூன் மாதம் பாஸ்டனில் வேலை காத்திருக்கிறது, கையில் பட்டம் இருந்தால்.

தட்டுகளை வண்டியில் ஏற்றுவது தம்பி ரஸ்ஸின் பொறுப்பு. ட்ராய் ஹில்லில் அவர்கள் வீட்டு வாசலிலிருந்து தெருவுக்கு இறங்க நீளமான படிக்கட்டு. மூன்றாவது நடைக்கு ரஸ் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டான். மடியில் தட்டு, நெற்றியில் வியர்வை. ஏப்ரல் மாதக் காலைக் குளிரில் வியர்வை.

"என்னடா உட்காந்துட்டே?"

"ஊர்ல இருக்கற லிஃப்ட்டெல்லாம் நான் ரிப்பேர் பண்றேன். என் வீட்டுக்கு ஒரு லிஃப்ட் இல்ல பாரு. அந்தத் துக்கம்."

"போன வருஷத்துலேருந்து இப்படித்தான் மூச்சு வாங்குது உனக்கு. டாக்டர்கிட்ட போடான்னு சொன்னேன்ல?"

"போனேன், போனேன். எல்லாம் நல்ல கைல இருக்கு. நீ போய் உன் ஸ்லைடைப் பாரு."

சொல்லிவிட்டு ஒரு மாதிரி சிரித்தான். எதையோ ஒளித்து வைத்திருக்கும் சிரிப்பு. பரீட்சை முடிந்ததும் தனக்கு ஏதாவது பரிசு வைத்திருப்பான் என்று கோரின் நினைத்தாள்.

எட்டு வருடம் முன்பு ரஸ்ஸுக்கு ரத்தப் புற்றுநோய் வந்ததும், மருந்து கொடுத்து அவனுடைய எலும்பு மஜ்ஜையையே அழித்துவிட்டு அந்த இடத்தில் கோரினின் மஜ்ஜையை ஏற்றியதும், அவன் பிழைத்ததும் முதல் அத்தியாயத்திலிருந்து கூட வருகிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கும் இப்போது தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து அவன் உடம்பில் ஊறுவது அக்காவின் ரத்தம். "எனக்குள்ள ஓடறது பொண்ணு ரத்தம். அதான் டிவியில நாய்க்குட்டி விளம்பரம் வந்தாலே அழறேன்" என்பது வீட்டில் அவன் எல்லோரிடமும் சொல்லித் தேய்த்துவிட்ட ஜோக். கோரின் அந்த வருடம்தான் உயிரியல் பக்கம் திரும்பினாள்.

பல்கலைக்கழகத்தின் பக்கத்துத் தெருவில் ரஸ் விடிவதற்கு முன்பே வந்து சமையலறை நாற்காலி ஒன்றைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தான். எங்கள் ஊரில் நாற்காலி போட்ட இடத்தில் போலீஸ்காரர்கூட வண்டியை நிறுத்த மாட்டார். அதை எடுத்து வண்டிக்குள் போட்டுவிட்டு மூவரும் தட்டுகளோடு உள்ளே போனார்கள்.

*

தேர்வு இரண்டு பாகம். முதலில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம், கேள்வியும் கேட்கலாம். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு தேர்வாளர்கள் மட்டும் குடைவார்கள். முதல் பாகத்துக்கு நாற்பது பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் வராந்தாவில் இருந்த மேஜையைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்.

கோரின் நன்றாகத்தான் ஆரம்பித்தாள்.

"நம்ம உடம்புல இருபதாயிரம் ஜீன் இருக்கு. எல்லாமே எப்பவும் பேசிட்டிருக்காது. ஒண்ணு பேசினா இன்னொண்ணு முழிச்சுக்கும், வேற ஒண்ணு வாயை மூடிக்கும். யார் பேச்சை யார் கேக்கறாங்கன்னு கண்டுபிடிச்சு கம்ப்யூட்டர்ல வரைபடம் போடறதுதான் என் ஆராய்ச்சி. எங்க குடும்பத்துல ஒரு சேதி பரவணும்னா டோலி பெரியம்மா காதுல போட்டாப் போதும். அந்த மாதிரி ஒரு டோலி பெரியம்மாவை ரத்தத்துல தேடறேன்."

கடைசி வரிசையில் டோலி பெரியம்மா எழுந்து நின்று கும்பிடாத குறையாகத் தலையை ஆட்டினாள். அறை சிரித்தது.

ஃப்ளூ வந்து போன பிறகும் மாதக்கணக்கில் அசதி தீராதவர்கள் சிலருக்கு உண்டு. அவர்கள் ரத்தத்தில் எந்த மரபணு மற்றவற்றைக் கெடுக்கிறது என்பது கோரினின் கேள்வி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கிளினிக்கில் அப்படிப்பட்டவர்கள் தாங்களாக முன்வந்து ரத்தம் கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு வருடத்தில் மூன்று முறை. பெயர் கிடையாது, நம்பர்தான். யாருடைய நம்பர் எது என்று கோரினுக்குத் தெரியக்கூடாது, அது சட்டம். ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமானவர்களின் ரத்தமும் வேண்டுமே, அதற்கு ஆய்வகத்து மாணவர்களே கையை நீட்டுவார்கள். கூலி ஒரு பீட்சா. கோரினும் நீட்டியிருக்கிறாள். அவள் நம்பர் என்ன என்று அவளுக்கும் சொல்லவில்லை.

கைதட்டல் அடங்கியதும் வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் டாக்டர் அடெல் பிரிட்சர்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அறுபது வயது, குரல் உயராது. அவர் எல்லோரையும் போல முதல் பக்கத்திலிருந்து படிக்கிறவர் இல்லை. பின்னிணைப்பிலிருந்து ஆரம்பிப்பார்.

"மிஸ் ஹுடாக், கடைசியில ஒரு வரி எழுதியிருக்கீங்க. அறுபத்தொண்ணாம் நம்பரை நீக்கிட்டேன், லேபிள் மாறிடுச்சுன்னு. மாறிடுச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கோரினுக்கு நிம்மதி. இது தெரிந்த கேள்வி.

"பதிவுல ஆண்னு இருக்கு மேடம். ரத்தத்துல பேசறது பெண்ணோட ஜீன். அதோட, நம்ம ஆரோக்கியமானவங்க வரிசையில ஏழாம் நம்பர் ஆளோட அது அச்சு அசலா பொருந்துது. ஏழோட குழாய்ல அறுபத்தொண்ணு லேபிளை ஒட்டிட்டாங்க. இந்த மாதிரித் தப்பைப் பிடிக்க ஒரு புரோகிராம் எழுதி வெச்சிருக்கேன். அதுவே பிடிச்சு அதுவே நீக்கிடும்."

"அதுவே நீக்கிடும்" என்று பிரிட்சர்ட் திருப்பிச் சொன்னார். "ரத்தம் எத்தனை தடவை எடுத்தாங்க?"

"மூணு தடவை."

"மூணுலயும் ஏழாம் நம்பர்தானா?"

"ஆமா."

"லேபிள் ஒரு தடவை மாறலாம். அது எல்லா எடத்துலயும் நடக்கும். ஒரு வருஷத்துல மூணு தடவை, அதே ஆளுக்கு, அதே ஆளோடவே மாறுமா?"

கோரின் பின்னிணைப்பைப் புரட்டினாள். அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் ஃபெல்ட்மன் ஒரு முறை இருமினார். இதை அவரும் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

"அந்தப் படம் உங்ககிட்ட இருக்கா?"

இருந்தது. நன்றி சொல்லும் ஸ்லைடுக்குப் பின்னால், யாராவது கேட்டால் காட்டுவதற்கென்று எல்லோரும் சில ஸ்லைடுகளை ஒளித்து வைத்திருப்பார்கள். கோரின் பொத்தானை அழுத்தி அழுத்தி அங்கே போனாள்.

திரையில் மூன்று சிவப்புத் தூண்கள். மூன்று முறை எடுத்த ரத்தத்திலும் பெண்ணின் மரபணு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் குட்டியாக ஒரு நீலத் தூண். அது ஆணிடம் மட்டும் இருக்கும் மரபணு. முதல் முறை நீலம் கண்ணுக்கே தெரியவில்லை. இரண்டாவது முறை நகத்தளவு. மூன்றாவது முறை சிவப்பின் இடுப்புக்கு வந்திருந்தது.

கீழே கோரின் தன் கையால் எழுதிய குறிப்பு: சிறு கலப்படம்.

"கலப்படம்னா எல்லாத் தடவையும் கலந்துதான் இருக்கணும், இல்லேன்னா ஒரு தடவை கலந்திருக்கணும். இது ஏறுது. கலப்படம் ஏறுமா மிஸ் ஹுடாக்?"

"ஏறாது."

"எனக்குத் தெரிஞ்சு இப்படி ஒரு ரத்தம் இருக்க ஒரே வழிதான் உண்டு. ஒரு பொண்ணு ஒரு ஆணுக்கு எலும்பு மஜ்ஜை குடுத்திருக்கணும்."

உலகத்தில் இது தோன்ற வேண்டிய ஆள் ஒருத்தி என்றால் அது கோரின்தான். அவளுக்குத் தோன்றவில்லை. நம்பரைப் பார்த்தாள், ஆளை நினைக்கவில்லை. மஜ்ஜை மாற்றியவர்களை இந்த ஆய்வில் சேர்க்கவே கூடாது என்பது விதி, அதனால் நினைக்க அவசியமும் இல்லை. தப்பைப் பிடிக்க அவள் எழுதிய புரோகிராம் சரியான ஒன்றைப் பிடித்துத் தூக்கி எறிந்திருக்கிறது. ஏழாம் நம்பர் யார் என்று இப்போது அவளுக்குப் புரிந்தது. பீட்சாவுக்குக் கையை நீட்டியவர்களில் மஜ்ஜை கொடுத்தவள் ஒருத்திதான்.

அப்போது கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

"கேள்வி இருந்தா கேளுங்க" என்றார் ஃபெல்ட்மன், பேச்சு மாறினால் போதும் என்கிற அவசரத்தில்.

"கேள்வி இல்ல சார். பதில் இருக்கு" என்று ரஸ் எழுந்தான். "அந்த அறுபத்தொண்ணு நான்தான்."

அறை திரும்பிப் பார்த்தது. ரஸ் கல்யாண வீட்டில் பேச எழுந்தவன் மாதிரி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"போன ஈஸ்டருக்கு முந்தின ஈஸ்டர்ல இவ சாப்பாட்டு மேஜைல உட்காந்து அழுதா. ரத்தம் குடுக்க ஆள் கிடைக்கல, இப்படியே போனா படிப்பு முடியாதுன்னு. எனக்கும் ஃப்ளூ வந்து அசதியா இருந்தது. சரி, நம்ம ஒரு ஆள் கூடட்டுமேன்னு போய் சேந்தேன். மஜ்ஜை மாத்தியிருக்கான்னு கேட்டாங்க. ஆமான்னா துரத்திடுவாங்க, அதனால இல்லேன்னுட்டேன். மேடம், எங்கக்கா ஒரு தப்பும் பண்ணல. நான்தான் புளுகிட்டேன். என் ரத்தம் அவளுதுதான். அதைக் குடுத்ததே அவதான். அவளுக்கே திருப்பிக் குடுத்தா கணக்கு குழம்பாம என்ன பண்ணும்?"

சிரிப்பு வெடித்தது. யாரோ கைதட்டினார்கள், எல்லோரும் தட்டினார்கள். பெர்னடெட் பக்கத்திலிருந்தவரிடம், "சின்ன வயசுலேருந்து அவன் அப்படித்தான், அக்கான்னா உயிரை விடுவான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். டோலி பெரியம்மா செய்தியைப் பரப்ப அதற்குள் போனை எடுத்துவிட்டாள்.

சிரிக்காதவர்கள் இரண்டு பேர். கோரின் ஒருத்தி. பிரிட்சர்ட் பேனாவை மூடி வைத்துவிட்டு, "நன்றி. நீங்க உட்காருங்க" என்று மட்டும் சொன்னார். இரண்டு பேரின் கண்ணும் மூன்றாவது நீலத் தூணில் இருந்தது.

ரஸ்ஸின் ரத்தத்தில் ஆண் மரபணு இருக்கவே கூடாது. அது அவனுடைய பழைய மஜ்ஜையோடு, புற்றுநோயோடு சேர்ந்து அழிந்துபோனது. அழிந்தது திரும்பி முளைத்துக்கொண்டிருந்தது. ஒரு வருடமாக அது முளைப்பது கோரினின் கம்ப்யூட்டரிலேயே இருந்தது, பக்கத்தில் அவளே அதற்குக் கலப்படம் என்று பெயர் வைத்திருந்தாள். தம்பி கடைசி வரிசையிலிருந்து அவளுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

*

எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள்.

"வேடிக்கையா ஆயிடுச்சு" என்றார் ஃபெல்ட்மன். "நெறிமுறைக் குழுவுக்கு எழுதணும், அதை நாளைக்குப் பாத்துக்கலாம். உட்காரு கோரின்."

கோரின் உட்காரவில்லை.

"கடைசியா எடுத்த ரத்தம் எப்போ உள்ளது?" என்று பிரிட்சர்ட் கேட்டார்.

"போன ஆகஸ்ட்."

"அதுக்கு அப்புறம்?"

"தெரியாது."

"அவருக்கு விஷயம் தெரியுமா?"

"தெரிஞ்சா அப்படிச் சிரிச்சிருப்பானா மேடம்?"

ஃபெல்ட்மன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு இப்போதுதான் புரிய ஆரம்பித்தது. நல்ல மனிதர்தான், புரிவதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

"நான் போகணும்" என்றாள் கோரின்.

"கோரின், ஒரு மணி நேரம். ஒரே ஒரு மணி நேரம் இருந்தா முடிஞ்சுடும். டாக்டர் பிரிட்சர்ட் சாயங்காலம் விமானம் ஏறறாங்க. இன்னிக்கு விட்டா இந்தப் பருவத்துல வேற தேதி கிடையாது. பாஸ்டன்ல ஜூனுக்குப் பட்டத்தைக் கேப்பாங்க. ஒரு மணி நேரத்துல உன் தம்பிக்கு ஒண்ணும் ஆயிடாது."

அவர் சொன்னது சரிதான். ஒரு மணி நேரத்தில் ஒன்றும் ஆகிவிடாது. எட்டு மாதம் போனபோதும் ஒவ்வொரு மணி நேரத்திலும் ஒன்றும் ஆகிவிடவில்லை. கோரின் பிரிட்சர்டைப் பார்த்தாள்.

"நான் உங்களுக்குச் சலுகை காட்டறேன்னு நினைக்காதீங்க" என்றார் பிரிட்சர்ட். "உங்க புரோகிராம் இன்னும் எத்தனை பேரை இப்படித் தூக்கிப் போட்டிருக்குன்னு நீங்க பாத்துச் சொல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன். இன்னிக்கு இருந்தாலும் போட மாட்டேன், அடுத்த வருஷம் வந்தாலும் அதைத்தான் முதல்ல கேப்பேன். இப்போ நீங்க இந்த ரூம்ல ஏன் நின்னுட்டிருக்கீங்க? போங்க."

கோரின் கம்ப்யூட்டரைக்கூட எடுக்காமல் கதவைத் திறந்தாள்.

*

வராந்தாவில் ஆரவாரம். இவ்வளவு சீக்கிரம் வெளியே வந்தால் அமோகமாகப் பாஸ் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு டோலி பெரியம்மா கைதட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். பெர்னடெட் மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து முத்தம் கொடுத்தாள்.

"டாக்டரம்மா! எம் பொண்ணு டாக்டரம்மா! ஏன்டி கை இப்படி ஜில்லுனு இருக்கு?"

"அம்மா, ரஸ் எங்கே?"

ரஸ் மேஜையோரம் நாற்காலியில் உட்கார்ந்து வால்நட் ரோலைக் கடித்துக்கொண்டிருந்தான். கோரின் அவன் முழங்கையைப் பிடித்து மாடிப்படிக் கதவுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஃபெயிலா?" என்றான்.

"இல்ல."

"அப்போ பாஸா?"

"இல்ல."

"அதென்ன ரெண்டும் இல்லாம ஒரு ரிசல்ட்டு? நான் எழுந்து பேசினது தப்பாப் போச்சா? அந்தம்மா கோவிச்சுக்கிட்டாங்களா?"

"பழைய டாக்டர்கிட்ட கடைசியா எப்போடா செக்கப்புக்குப் போனே?"

"அவர்தான் அஞ்சு வருஷம் ஆனதும் கை குலுக்கி அனுப்பிச்சாரே."

"வருஷத்துக்கு ஒரு தடவை வான்னு சொல்லித்தானே அனுப்பிச்சார்?"

ரஸ் கையிலிருந்த துணுக்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"முதல் வருஷம் போனேன். புது வேலைல லீவு கேக்க ஒரு மாதிரி இருந்தது. அப்புறம் உன் கிளினிக்லதான் குழாய் குழாயா எடுத்தாங்களே. அதான் காலையில சொன்னேன்ல, நல்ல கைல இருக்குன்னு. என் ரத்தம் உன் கம்ப்யூட்டர்லயே இருக்கறப்போ நான் எதுக்கு இன்னொருத்தன்கிட்ட போய் வரிசைல நிக்கணும்? ஏதாவது இருந்தா நீ கண்டுபிடிச்சிருக்க மாட்டியா?"

கோரின் படியில் உட்கார்ந்துவிட்டாள். ஆய்வுக்கு எடுக்கிற ரத்தத்தில் யாரும் யாருடைய நோயையும் தேடுவதில்லை என்று இவனுக்கு யார் சொல்வார்கள்? அவளே இரண்டு வருடமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இவன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அவள் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை. இவன் அவளை நம்பிக்கொண்டு இருந்துவிட்டான்.

"கோரி, பயமுறுத்தாதே. என்ன?"

ரஸ் பக்கத்தில் உட்கார்ந்தான். மெக்கானிக் இல்லையா, ஏறும் இறங்கும் எதையும் கவனிக்கிற கண் அவனுக்கு.

"அந்தக் கடைசிப் படத்துல நீலமா ஒண்ணு ஏறிட்டே போச்சே. அது என்ன?"

"சிவப்பு நான்."

"சரி."

"நீலம் நீ. உன்னோட பழைய ரத்தம்."

ரஸ் எட்டு வருடம் முன்பு இதையெல்லாம் மனப்பாடம் ஆகும்வரை கேட்டவன். விளக்கத் தேவையிருக்கவில்லை.

"அது இருக்கக்கூடாது இல்ல?"

"கூடாது. வேற காரணமும் இருக்கலாம்டா. ரத்தத்துல அப்படிக் கொஞ்சம் கலந்திருந்தும் நல்லா இருக்கறவங்க உண்டு. டெஸ்ட் பண்ணினாத்தான் தெரியும். எதுவா இருந்தாலும் நான் இருக்கேன், என் மஜ்ஜையை இன்னும் எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கட்டும்."

"அந்தப் படம் எப்போ எடுத்தது?"

"ஆகஸ்ட்."

"இப்போ எவ்வளவு ஏறியிருக்கும்?"

இன்று இப்படி இருந்தால் நாளை எப்படி ஆகும் என்று கணக்குப் போடத்தான் கோரின் ஆறு வருடம் படித்தாள். அறையில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோதே அவள் மனசு அந்தக் கணக்கைப் போட்டுவிட்டிருந்தது.

"இப்பவே கிளம்பு. வண்டிச் சாவி எங்கே?"

"அம்மா இன்னும் தட்டையெல்லாம்கூட முழுசாப் பிரிக்கல கோரி. இன்னிக்கு ஒரு நாள் அவ சந்தோஷமா இருக்கட்டுமே. நாளைக்குக் காலைல போலாம். சத்தியமா வரேன்."

"இப்பவே."

கதவு திறந்தது. பெர்னடெட் ஒரு தட்டு நிறைய எடுத்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு பேரும் இங்க என்னடா குசுகுசுன்னு பேசறீங்க? வெளியில எல்லாரும் டாக்டரம்மாவைக் கேக்கறாங்க, போட்டோ எடுக்கணுமாம்."

சின்ன வயதில் இந்த அம்மாவிடம் இரண்டு பேரும் சேர்ந்து சொன்ன பொய்களுக்குக் கணக்கே கிடையாது. கோரின் ஆரம்பிப்பாள், ரஸ் முடிப்பான். உடைந்த ஜன்னலோ, காணாமல் போன கார் சாவியோ, யாரும் ஒத்திகை பார்த்ததில்லை. இப்போது கோரின் தம்பியைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். இரண்டு பேருக்கும் ஒரு பொய்கூடக் கிடைக்கவில்லை.

பெர்னடெட் மகன் முகத்தைப் பார்த்தாள். பிறகு மகள் முகத்தைப் பார்த்தாள். இதே இரண்டு முகங்களை அவள் ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்திருக்கிறாள்.

தட்டைக் குனிந்து படியில் வைத்தாள். இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனை அவிழ்த்து அதன் மேல் போட்டாள்.

"அதே ஆஸ்பத்திரிதானா?" என்றாள். "இல்ல, வேறயா?"